மலையின் பங்குக்காரர்கள்

1

திருமயத்தைப் பற்றி எழுதப்பட்ட சரித்திரங்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. மலையின் தென்சரிவில் பக்கம் பக்கமாக இரண்டு குடைவரைகள். ஒன்றில் சத்யகிரீஸ்வரர், மற்றதில் பள்ளிகொண்ட பெருமாள். மலையைச் சுற்றிக் கோட்டை; 1687ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டியது. கட்டபொம்மன் தம்பியின் நினைவை ஏற்றி ஜனங்கள் அதை ஊமையன் கோட்டை என்கிறார்கள். கோட்டை தொண்டைமான்கள் கைக்கு வந்தது. 1887ல் தீரர் சத்தியமூர்த்தி பிறந்தார். 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. அன்றோடு இந்த ஊருக்குச் சரித்திரமும் முடிந்துபோயிற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நிர்வாகம். தாசில்தார் கோப்பில் இருப்பது. பண்பாட்டைப் பற்றிப் பேசுகிறவன் தொடத் தகுதியற்றது.

இந்தப் பார்வையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கல்லைச் சிற்பமாகவும் கல்வெட்டாகவும் மட்டும் பார்க்கலாம். கல்கியின் 'சிவகாமியின் சபத'த்து ஆயனச் சிற்பி தொடங்கி சினிமா வரைக்கும் நமக்கு உளி ஓசை என்றால் ஒரு புல்லரிப்பு உண்டு. ஆனால் திருமயம் தாலுகாவில் இன்றைக்குக் கேட்கும் கல்லின் ஓசை வேறு. பாறையில் துளை போடும் கம்ப்ரசரின் ஓசை, வெடியின் ஓசை, கிரஷரின் இரைச்சல், டிப்பர் லாரியின் ஹாரன். குடைவரை ஒன்றை உண்டாக்க அந்தக் காலத்தில் வெட்டியெடுத்த கல் சில நூறு கன மீட்டருக்கு மேல் இருக்காது. ஒரு சாதாரண குவாரி அதைச் சில நாட்களில் எடுத்துவிடுகிறது. அளவை வைத்துச் சொன்னால் இந்த வட்டாரத்தில் கல்லின் பெரிய சரித்திரம் பாண்டியனுடையதோ சேதுபதியுடையதோ அல்ல. கடந்த நாற்பது வருஷங்களுடையது. அதை எழுதத்தான் ஆள் இல்லை.

ஆனால் அதை எழுதுவதற்கான வழியைத் திருமயத்துக் கல்வெட்டு ஒன்றே காட்டிக்கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1245ம் ஆண்டைச் சேர்ந்தது அது. ஒரே மலையைப் பகிர்ந்துகொண்ட சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இடையே வெகுநாள் தகராறு. ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயகன் முன்னிலையில் அது தீர்க்கப்பட்டு, வருமானம் பங்கிடப்பட்டு, தீர்ப்பு கல்லில் வெட்டப்பட்டது. நம் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சைவ-வைணவ விரோதத்துக்கு ஒரு உதாரணமாகக் காட்டுவார்கள்; அல்லது சமரசத்துக்கு. இரண்டுமே அதன் மேல்தோல்தான். அடிப்படையில் அது ஒரு கணக்குத் தீர்வு. மலை ஒன்று, உரிமை கொண்டாடுகிறவர்கள் இரண்டு பேர். யாருக்கு எது, எவ்வளவு? கேள்வியைக் கேட்டு, பதிலை எல்லோரும் பார்க்கிற இடத்தில், அழியாத பொருளில் எழுதிவைத்தார்கள். சுரங்கத் தொழிலால் ஒரு வட்டார ஜனங்களுக்கு நன்மையா தீமையா என்று இன்று நாம் கேட்கிற கேள்வியும் இதுதான். பதில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, யார் அதைப் பார்க்க முடியும் என்பதில்தான் வித்தியாசம்.

2

முதலில் நன்மைகளைப் பேசிவிட வேண்டும். குவாரி என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு புலம்புவது சுலபம். புலம்புகிறவனும் கான்கிரீட் கூரைக்குக் கீழேதான் படுத்துத் தூங்குகிறான். இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் யாரும் கூரை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சித்தமாக இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலை, பள்ளிக்கூடக் கட்டடம், ஆஸ்பத்திரி, பாலம், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற ஜல்லி எல்லாம் ஏதோ ஒரு ஊரின் மலைதான். ஆற்று மணல் அள்ளிச் சீரழிந்தபின் பாறையை அரைத்து எம்-சாண்ட் செய்கிறோம். ஆற்றைக் காப்பாற்ற எழுந்த குரலின் விளைவு மலையின் தலையில் விடிந்தது என்பது இந்தச் சரித்திரத்தின் குரூரமான ஹாஸ்யங்களில் ஒன்று.

புதுக்கோட்டை ஜில்லாவின் கிழக்குப் பக்கத்துக்குக் கல்லணைக் கால்வாய் கொஞ்சம் தண்ணீர் தருகிறது. திருமயம் பக்கத்துக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது. மழை பெய்தால் கண்மாய் பெருகும், கண்மாய் பெருகினால் ஒரு போகம். இல்லையென்றால் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா. இப்படிப்பட்ட பூமியில் மழையைக் கேட்காமல் கூலி கொடுக்கிற தொழில் என்று ஒன்று வரும்போது அதை ஜனங்கள் வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு யோக்கியதை இல்லை. பாறைப் பட்டா வைத்திருந்தவனுக்கு அதுவரை அது தரிசு. வரி கட்டுவதற்கு மட்டும் பயன்பட்ட நிலம் திடீரென்று விலை பேசப்பட்டது. லாரி வாங்கினார்கள், டிரைவரானார்கள், டயர்க் கடை, மெக்கானிக் ஷெட், டீக்கடை, புரோட்டாக் கடை வந்தன. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியதில்லை. வாகனக் கடன் மனுக்களின் வரிசையிலும், நகையை மீட்க வருகிறவர்களின் முகத்திலும் அது தெரியும்.

இதே தாலுகாவில் இன்னொரு தொழிலும் இருக்கிறது. பி.எச்.இ.எல்.லின் குழாய்த் தொழிற்சாலை; 2013 ஆகஸ்டில் பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தது. அதுவும் வேலை தருகிறது, குவாரியும் வேலை தருகிறது என்று இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவது வழக்கம். ஆனால் தொழிற்சாலை மூலப்பொருளை வெளியிலிருந்து கொண்டுவருகிறது. குவாரிக்கு ஊரே மூலப்பொருள். தொழிற்சாலை மூடினால் கட்டடமாவது மிஞ்சும். குவாரி வெற்றிகரமாக நடந்து முடிந்தால் மிஞ்சுவது பள்ளம். வங்கிப் பாஷையில் சொன்னால் ஒன்றில் வருவது வருமானம். மற்றதில் வருவது சொத்தை விற்ற பணம். சொத்தை விற்ற பணத்தை வருமானம் என்று எழுதிக்கொள்கிற குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு ஊரோ ஒரு சர்க்காரோ அப்படி எழுதிக்கொள்ளும்போது மட்டும் அதற்கு வளர்ச்சி என்று பெயர் வந்துவிடுகிறது.

3

தமிழ் ஜனங்களுக்குச் சுரங்கம் புதிதல்ல. கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கியபோது கீழே இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு பக்கத்திலிருந்து போன தலித் தொழிலாளர்கள். சிவசமுத்திரத்திலிருந்து 1902ல் அங்கே மின்சாரம் வந்தது; பெங்களூர் நகரத்துக்கே மூன்று வருஷம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது. பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கினார்கள். பாறை வெடிப்பில் செத்தார்கள், சிலிக்கா தூசியில் நுரையீரல் இறுகிச் செத்தார்கள். 1930ல் கைரேகை எடுக்கிற ஏற்பாட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரில் கிணற்றருகே போகமுடியாதவன் அங்கே கூலி வாங்கினான், பிள்ளையைப் படிக்க வைத்தான், சங்கம் வைத்தான், கட்சி வைத்தான். இந்த நன்மை நிஜமானது. கிராமத்தின் பெருமையைப் பாடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தபின் 2001 பிப்ரவரி 28ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சயனைட் மண் மேடுகள் அங்கேயே நின்றன. தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். தங்கம் போன இடம் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு சிறு பங்காவது அந்த ஊருக்கென்று நிரந்தரமாக வைக்கப்பட்டிருந்தால் என்ற கேள்வியை 1880லும் கேட்கவில்லை, 1956ல் மைசூர் சர்க்கார் எடுத்துக்கொண்டபோதும் கேட்கவில்லை.

நெய்வேலி இன்னொரு வகை. 1956ல் கம்பெனி, 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தைக் கொடுத்தார். தமிழ்நாட்டின் விளக்குகள் எரிந்தன. பல கிராமங்கள் இடம் பெயர்ந்தன. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தில் இருந்த நிலத்தடி நீரைப் பம்பு வைத்து வெளியேற்றினால்தான் சுரங்கத்தில் கால் வைக்க முடியும். ஊற்றாகத் தானே பொங்கிய நீருக்கு அந்த வட்டாரத்து விவசாயி ஆழ்குழாய் போட வேண்டியதாயிற்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த நெற்பயிரின் மேல் மண்வாரி இயந்திரங்கள் இறங்கிய படத்தை ஊர் முழுக்கப் பார்த்தது. அங்கே சட்டப்படி நிலம் ஏற்கனவே கையகப்படுத்தப்பட்டதுதான். சட்டப்படி சரியாக இருப்பதும் ஜனங்களின் பங்கு தீர்ந்திருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு அந்தப் படத்தைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

4

தங்கத்துக்கும் நிலக்கரிக்கும் ஒரு கௌரவம் உண்டு. பார்லிமெண்டில் பேசுவார்கள், குழு போடுவார்கள். கல்லுக்கு அது கிடையாது. 1957ம் வருஷத்துச் சட்டம் கட்டடக் கல், ஜல்லி, கிராவல், சாதாரண மணல் எல்லாவற்றையும் 'சிறு கனிமம்' என்று பிரித்து மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாட்டில் 1959ம் வருஷத்து விதிகள் இவற்றை ஆள்கின்றன. 'சிறு' என்ற அந்த அடைமொழியால் விளைந்த சேதம் சிறியதல்ல. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை என்ற நிலை 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தலையிடும்வரை நீடித்தது. பெரிய குவாரி ஒன்றை நாலு துண்டாகக் காகிதத்தில் வெட்டிக்கொண்டால் நாலும் சிறிதாகிவிடும். வெடி வைப்பதற்கு அந்தக் காகித எல்லைகள் தெரியாது.

கல்லுடைப்பு ஒரு காலத்தில் மெதுவான தொழிலாக இருந்தது. பாறையின் போக்குப் பார்த்து வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்துப் பிளப்பார்கள். சில இடங்களில் நெருப்பு மூட்டிப் பாளம் பிரிப்பார்கள். பிளந்ததைப் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து ஜல்லியாக உடைப்பார்கள். இதில் காவியம் எதுவும் இல்லை. முன்பணம் வாங்கியவன் தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த தொழில் இது. பரீதாபாத் கல் குவாரிகளின் கொத்தடிமைகளைப் பற்றிய 1983ம் ஆண்டுத் தீர்ப்பு வடக்கே நடந்ததை மட்டும் சொல்லவில்லை. ஆனால் கையின் வேகத்துக்கு ஒரு வரம்பு இருந்தது. மலை தேய்ந்தது, மறையவில்லை. இயந்திரம் வந்தபின் வரம்பு போயிற்று, வேலையும் குறைந்தது. நூறு பேர் உட்கார்ந்து உடைத்த இடத்தில் இன்று ஒரு கிரஷரும் சில ஆட்களும். அந்த ஆட்களிலும் பலர் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். உள்ளூருக்கு வேலை என்ற முதல் நன்மையே இப்படி மெலிந்துகொண்டு வருகிறது.

தீமைகளோ மெலிவதாக இல்லை. நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. வடு உண்டாக்கி மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவிடும், குணப்படுத்த மருந்து இல்லை. வெடியில் சுவர் விரிகிறது. பாதிக்கப்பட்டவன் தன் வீட்டின் பழைய விரிசலுக்கும் புதிய விரிசலுக்கும் அத்தாட்சி தேட வேண்டும். குவாரி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும்போது ஊறுகிற நீரை இறைத்து வெளியே விட்டால்தான் வேலை நடக்கும். சுற்றியுள்ள கிணறுகளின் நீர் அந்தப் பள்ளத்தை நோக்கி நகரும். கைவிடப்பட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குளம்போலத் தோற்றம் காட்டும். ஆனால் படித்துறையும் சரிவும் இல்லாத அந்தக் குளத்தில் குளிக்க இறங்குகிற பிள்ளைகள் ஏறி வர முடிவதில்லை.

எல்லாவற்றையும்விடச் சரித்திர முக்கியத்துவம் உள்ளது கண்மாய்களுக்கு நடப்பது. புதுக்கோட்டை வட்டாரம் ஆயிரக்கணக்கான குளம், கண்மாய், ஏந்தல், ஊருணிகளால் பிழைத்து வந்த பூமி. ஒரு கண்மாயின் உபரி கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். இந்தச் சங்கிலியின் தலைப்பில் இருப்பது பாறையும் கரடும். மழைநீர் அதன்மேல் விழுந்து வழிந்து வரத்து வாரிகளில் இறங்குகிறது. பாறை விளையாத நிலம் என்று ரெவின்யூ கணக்கு சொன்னது. ஆனால் கண்மாய்க்கு அதுதான் கூரை. கூரையைப் பிரித்தால், வாரியில் கல் கழிவைக் கொட்டினால், லாரிக்குப் பாதை போட வாரியை மேடாக்கினால் கீழே மூன்று கண்மாய்க்கு அப்பால் ஒரு வயல் காயும். அந்த வயல்காரனுக்குக் குவாரியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தூரம் விட வேண்டும் என்று விதி சொல்கிறது. தண்ணீரின் உறவு 300 மீட்டரில் முடிவதில்லை.

5

இனி பங்கு. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு விசித்திரமான சட்ட சரித்திரம் உண்டு. நம் இலக்கியவாதிகள் கண்ணில் படாதது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1958ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் நிலவரியின் மேல் ஒரு ஸ்தல வரி போட்டது. 1964ல் கனிமங்களுக்குக் கட்டும் ராயல்டியையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். அதாவது சுண்ணாம்புக்கல் எடுக்கிறவன் சர்க்காருக்குக் கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் மேலே பஞ்சாயத்துக்கென்று ஒரு துண்டு. இந்தியா சிமெண்ட்ஸ் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 1989 அக்டோபரில் ஏழு நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் பெஞ்ச், ராயல்டியே ஒரு வரிதான், அதன்மேல் மாநிலம் இன்னொரு வரி போட அதிகாரமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஊருக்குக் கிடைத்துவந்த அந்தத் துண்டு போயிற்று. 35 வருஷம் கழித்து 2024 ஜூலை 25ல் ஒன்பது நீதிபதிகளின் பெஞ்ச், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அது தவறு, ராயல்டி வரியல்ல, கனிமத்தை எடுக்கிற உரிமைக்குக் கொடுக்கிற பிரதிபலன் என்று சொன்னது. அதையொட்டித் தமிழ்நாடு அரசு கனிமவள நில வரிச் சட்டம் ஒன்றை இயற்றி 2025 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தது. குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜல்லி விலை ஏறியது, எல்லோரும் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

ராயல்டி வரியா விலையா என்பது வக்கீல்களின் சொற்சிலம்பம்போலத் தோன்றலாம். அப்படியல்ல. வரி என்றால் சர்க்கார் நம்மிடம் வாங்குவது; விலை என்றால் சொந்தக்காரனுக்குக் கொடுப்பது. விலை என்று ஒப்புக்கொண்ட மறுகணமே சொந்தக்காரன் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. 2015ல் சட்டத்தைத் திருத்தி ஜில்லாதோறும் கனிம அறக்கட்டளை வைத்தார்கள். குத்தகைக்காரர் ராயல்டிக்கு மேலே ஒரு பகுதி கட்ட வேண்டும். அதில் குறைந்தது 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்றவற்றுக்கு, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதியில் செலவழிய வேண்டும் என்று விதித்தார்கள். சிறு கனிமங்களின் சீனியரேஜிலும் ஊராட்சிகளுக்கு ஒதுக்கீடு உண்டு. ஆகவே காகிதத்தில் ஊருக்குப் பங்கு இல்லாமல் இல்லை. ஆனால் அறக்கட்டளைக்குத் தலைவர் கலெக்டர். பங்கு மேலேயிருந்து மானியமாக இறங்குகிறது. பங்குதாரன் மனுதாரனாக வரிசையில் நிற்கிறான்.

இன்னொரு உண்மையையும் இங்கே கவனிக்க வேண்டும். சீனியரேஜ், அறக்கட்டளைப் பணம், ஊராட்சி ஒதுக்கீடு எல்லாமே நடைச்சீட்டில் எழுதிய அளவைப் பொறுத்தவை. சீட்டில்லாமல் போகும் லோடு, சீட்டில் குறைத்து எழுதிய லோடு, குத்தகை எல்லைக்கு வெளியே வெட்டிய கல் இவற்றுக்கு ஊரின் பங்கு பூஜ்யம். பள்ளம், தூசி, உடைந்த ரோடு மட்டும் முழுசாக ஊருக்கு. அனுமதியில்லாத குவாரியைச் சர்க்காருக்கு நஷ்டம் என்று மட்டும் பத்திரிகைகள் எழுதுகின்றன. மேலூர் கிரானைட் விவகாரத்தில் மதுரைக் கலெக்டராக இருந்த சகாயம் 2012ல் மதிப்பிட்ட 16,338 கோடியைச் சொல்லி வாயைப் பிளந்தோம். அது உண்மையில் பக்கத்து வீட்டுக்காரனின் பாகத்தைத் திருடுவது. அரசாங்கம் என்ற அருவமான ஒன்றிடமிருந்து திருடினால் ஹீரோ ஆகிவிடலாம். பக்கத்து வீட்டிலிருந்து என்று தெரிந்தால் அப்படி ஆக முடியாது. அதனாலேயே அது தெரியாமலிருப்பது சிலருக்கு அவசியமாகிறது.

திருமயம் பக்கத்தில் இந்தக் கணக்கைக் கேட்டவர் ஜகபர் அலி. வெங்களூர்க்காரர், முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். அனுமதிக்கு மேல் கல் எடுக்கிறார்கள் என்று தாலுகா ஆபீஸிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை மனு கொடுத்துக்கொண்டிருந்தவர். 2025 ஜனவரி 17ம் தேதி தொழுகை முடிந்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புகையில் டிப்பர் லாரி மோதி இறந்தார். விபத்து என்று பதிவானது கொலை வழக்காக மாறி, குவாரித் தரப்பினர் கைதாகி, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போயிற்று. குற்றம் யாருடையது என்பதைக் கோர்ட் சொல்லட்டும். ஆனால் ஒரு குடிமகன் கேட்டது புரட்சி அல்ல என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். குவாரியை மூடு என்றுகூட அல்ல. எடுக்க அனுமதித்த அளவையும் எடுத்த அளவையும் ஒப்பிட்டுப் பார் என்றார். வங்கியில் இதை நாங்கள் தினமும் சாயங்காலம் செய்கிறோம்; பேரேடு நேர்படாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. மலைக் கணக்கை நேர்படுத்தச் சொல்வதற்கு ஒருவர் தனியாக நிற்க வேண்டியிருந்தது, தன் உயிருக்கு ஆபத்து என்று நினைத்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்த ஊரின் சமகாலச் சரித்திரம்.

6

வேறு விதமாகப் பங்கிட முடியாதா என்றால், முடியும். இந்த ஜில்லாவிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைக் கிராமங்களில் நடந்தபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் எழுத்துக் கற்றதும் சைக்கிள் கற்றதும் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதே நாட்களில் சர்க்கார் கல் குவாரிகளைக் காண்ட்ராக்டர்களுக்குக் கொடுக்காமல், அதுவரை அங்கே கூலியாகவும் கொத்தடிமையாகவும் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். சைக்கிள் ஞாபகமிருக்கிற அளவுக்கு இது யாருக்கும் ஞாபகமில்லை. பி. சாய்நாத் தம் 1996ம் ஆண்டுப் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். உடைக்கிறவளே குத்தகைதாரர், அவளே நடைச்சீட்டு எழுதுகிறாள், அவளே கணக்குப் பார்க்கிறாள். எழுதப் படிக்கக் கற்பதற்கு இதைவிட அர்த்தமுள்ள காரணம் என்ன இருக்க முடியும்?

அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. காண்ட்ராக்டர்களின் எதிர்ப்பு ஒரு காரணம். ஒரு அதிகாரியின் நல்லெண்ணத்தில் நின்ற காரியத்துக்கு அந்த அதிகாரியின் பதவிக்காலம்தான் ஆயுள் என்பது மற்றொன்று. ஆனால் ஆழமான காரணம் இயந்திரம் என்று நினைக்கிறேன். சம்மட்டியும் உளியும் முதலீடாக இருந்தவரை பெண்கள் குழு குவாரி நடத்த முடிந்தது. கம்ப்ரசரும் ஹிட்டாச்சியும் கிரஷரும் டிப்பரும் தேவைப்பட்டபோது மூலதனம் வைத்திருப்பவன் கையில் மலை போயிற்று. அந்த மூலதனத்தைக் கொடுத்தவை வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும். அவை குழுவை நம்புவதைவிட ஜாமீனை நம்பின.

வெளியுலகத்திலும் இரண்டு பாதைகள் தெரிகின்றன. பசிபிக்கில் நவ்ரு என்ற சின்னத் தீவு பாஸ்பேட் விற்று 1970களில் உலகத்தின் பணக்கார ஜனங்களில் ஒன்றாக இருந்தது. விற்ற பணம் தப்பான முதலீடுகளில் கரைந்தது. தீவின் நடுப்பகுதி தோண்டிப்போட்ட பாறை முட்களாக நிற்கிறது. நார்வே 1990ல் எண்ணெய்ப் பணத்துக்கென்று ஒரு நிதியைச் சட்டமாக்கி, முதலைத் தொடாமல் அதன் வருவாயில் ஒரு சிறு பகுதியை மட்டும் செலவழிக்கப் பழகிக்கொண்டது. நார்வே நமக்கெங்கே என்பார்கள். கோவாவுக்கு வரலாம், 2014 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அங்கே இரும்புத்தாது விற்பனையில் பத்து சதவீதத்தை நிரந்தர நிதியாக வைக்கச் சொன்னது. கருத்து ஒன்றுதான். கனிமம் முதல், முதலைத் தின்னக்கூடாது. இதை எந்தச் செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளையும் சொல்லியிருப்பார்.

7

2024 நவம்பரில் மேலூர் அருகே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க்குக்குப் போனதாக அறிவிப்பு வந்தது. எல்லைக்குள் அரிட்டாபட்டி இருந்தது. குடைவரை, தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணப் படுக்கை, பறவைகள். 2022ல்தான் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தார்கள். ஊர்கள் திரண்டன, சட்டசபை தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அது சந்தோஷப்பட வேண்டிய வெற்றி. ஆனால் தேதியைப் பார்க்க வேண்டும். ஜகபர் அலி இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு மலை தப்பிய அதே வாரத்தில் பெயரில்லாத பல கரடுகள் வழக்கம்போல லாரியேறிப் போய்க்கொண்டிருந்தன.

திருமயம் மலையைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று தொல்லியல் சட்டம் வேலி போட்டிருக்கிறது. அதற்குள் யாரும் ஒரு துளை போட முடியாது. கல்வெட்டு உள்ள கல்லுக்குக் காவல் இருக்கிறது. கல்வெட்டு இல்லாத கல்லுக்கு டெண்டர் இருக்கிறது. பாரம்பரியம் பேசுகிறவர்கள் பெருமைப்படுகிற இந்த ஏற்பாட்டில் ஒரு ஒப்பந்தம் மறைந்திருக்கிறது என்று தோன்றுகிறது. ராஜா தொட்டதை நாங்கள் காப்பாற்றுகிறோம், மற்றதை நீ எடுத்துக்கொள். ஆனால் மழை விழுந்து கண்மாய்க்கு வழிகிற பாறையில் பெரும்பகுதி ராஜா தொடாத பாறை. அதை நம்பி நெல் போட்டவர்களும் கல்வெட்டில் பெயர் வராதவர்கள்.

மலையையே தொடாதே என்று நான் சொல்லவில்லை. எந்தக் கரடு தண்ணீருக்கு வேண்டும், எது போனாலும் பாதகமில்லை, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு ஆழத்துக்கு, அதில் யாருக்கு என்ன பங்கு என்று அங்கே குடியிருக்கிறவர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு மூலையில் அல்ல, குவாரி வாசலில், எல்லோரும் படிக்கிற எழுத்தில் இருக்க வேண்டும். அனுமதித்தது இவ்வளவு, இன்று வரை எடுத்தது இவ்வளவு, ஊருக்கு வந்தது இவ்வளவு. 1245ல் இரண்டு சாமிகளுக்கு நடுவே இது சாத்தியப்பட்டிருக்கிறது. சாமிகளுக்குக் கிடைத்த அந்த மரியாதை கண்மாய்க் கரையில் இருக்கிறவனுக்கும் கிடைக்கிறவரை, கோட்டை மேலே ஏறி நின்று நம் முன்னோர்களின் கல்லைப் பற்றிப் புளகாங்கிதம் அடைவதைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம்.